புஷ்காஷ் பயிற்றுநராகத் தோற்றவரா? மெல்பேண் ஆண்டுகளை முன்வைத்து

1. கேள்வி

ஃபெரென்ஸ் புஷ்காஷ் என்றதும் உதைபந்தாட்டம் அறிந்தவர்களுக்கு நினைவில் எழுவது அவருடைய இடதுகால். ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள், ரியல் மட்ரிட்டின் வெள்ளைச் சட்டையில் ஐரோப்பியக் கிண்ணம் என்று அந்த நினைவு விரியும். ஆண்டின் சிறந்த கோலுக்கு உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2009 முதல் வழங்கும் விருதும் அவர் பெயரையே தாங்குகிறது. அதே மனிதர் 1967இலிருந்து 1993 வரை பத்து நாடுகளில் பயிற்றுநராக உழைத்தார். விளையாடிய காலத்தைவிட இது சற்று நீண்டது. ஆனால் அவரைப் பற்றிய எழுத்துகளில் இந்த இருபத்தாறு ஆண்டுகள் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. ஏதென்ஸுக்கு நான்கு வரி கிடைக்கும். மற்ற ஊர்கள் காற்புள்ளிகளுக்கு இடையே வந்துபோகும்.

அந்தக் காற்புள்ளிகளுள் ஒன்று மெல்பேண். 1989 முதல் 1992 வரை, தம் அறுபதுகளில், அவர் சவுத் மெல்பேண் ஹெல்லாஸ் என்ற கிரேக்கக் குடியேறிகளின் கழகத்தைப் பயிற்றுவித்தார். அன்று அந்த அணியின் தலைவராக இருந்த இடது பின்கள வீரர் ஏஞ்ச் போஸ்டகொக்லு பின்னர் அவுஸ்திரேலியா, யப்பான், ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் பட்டங்களும் கிண்ணங்களும் வென்ற பயிற்றுநரானார். இதனால் அண்மைக் காலத்தில் புஷ்காஷின் மெல்பேண் ஆண்டுகளைப் பற்றிப் புதிய ஆர்வம் பிறந்திருக்கிறது. ஓர் ஆவணப்படமும் வெளிவந்துள்ளது.

இக்கட்டுரை கேட்பது ஒன்றுதான். பயிற்றுநர் புஷ்காஷை எதைக் கொண்டு அளப்பது? அவர் வென்ற கிண்ணங்களைக் கொண்டா, அவரிடம் பயின்றவர்களைக் கொண்டா? இரண்டாவதுதான் அளவுகோல் என்றால் அதற்குரிய சான்றுகள் எவ்வளவு உறுதியானவை?

மேற்கு சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் வாழும் ஒருவருக்கு இந்தக் கேள்வி வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. மாரியோங், ஸ்கோஃபீல்ட்ஸ், செவன் ஹில்ஸ் என்று நீளும் இப்பகுதியின் உதைபந்தாட்டம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களின் கைகளால் உருவானது. அவர்களுள் பலர் தங்கள் ஊரில் பெரிய ஆட்டக்காரர்கள். இங்கே சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தன்னார்வலர்கள். அவர்கள் விட்டுச்செல்வது என்ன என்பதை அளக்க நம்மிடம் கருவி இல்லை. புஷ்காஷின் கதை அந்தக் குறையை மிகப் பெரிய உருவில் காட்டுகிறது.

2. நாடில்லாதவர் ஏற்ற தொழில்

ஆட்டக்காரர் புஷ்காஷைப் பற்றி இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம், 1953 நவம்பர் 25இல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 6–3 வெற்றி, 1954இல் பேர்ண் நகரில் மேற்கு ஜேர்மனியிடம் 3–2 என்ற உலகக் கிண்ணத் தோல்வி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. நம் கேள்விக்கு முக்கியமானது 1956. ஹங்கேரியில் எழுச்சி வெடித்து, சோவியத் படைகள் அதை நசுக்கிய வாரங்களில் புஷ்காஷின் ஹொன்வெட் அணி ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்துக்காக வெளிநாட்டில் இருந்தது. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஆடியது. புஷ்காஷ் தாயகம் திரும்பவில்லை. அதனால் அவர்மீது ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 1958இல், உடல் பருத்து, 31 வயதில் ரியல் மட்ரிட்டில் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் நான்கு கோல் அடித்தார். தாய்நாட்டுக்குள் மீண்டும் கால்வைக்க அவருக்கு 1981 வரை காலமெடுத்தது.

1966இல் விளையாட்டை நிறுத்தியபோது அவருக்கு வேறு தொழில் தெரியாது. திரும்பிப் போக நாடும் இல்லை. அவருடைய பயிற்றுநர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதுவே முதற்படி என்று கருதுகிறேன். ஸ்பெயினின் சிறிய கழகங்கள், சான் பிரான்சிஸ்கோ, வான்கூவர், ஏதென்ஸ், சிலி நாட்டின் கோலோ கோலோ, சவூதி அரேபிய தேசிய அணி, எகிப்தின் போர்ட் சயீத் நகரத்து அல் மஸ்ரி, பரகுவேயின் இரு கழகங்கள் என்று அவர் சென்ற இடங்களை வரைபடத்தில் குறித்தால் அதில் எந்த ஒழுங்கும் தென்படாது. பெரிய பயிற்றுநர்கள் சிறிய கழகத்திலிருந்து பெரியதற்கு ஏறுவார்கள். இவருடைய வழியில் ஏறுமுகம் கிடையாது. அழைத்த இடத்துக்குச் சென்றிருக்கிறார். வான்கூவரில், ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த இளம் பயிற்றுநர் ஒருவரின் இடத்துக்கு இவர் கொண்டுவரப்பட்டார். பின்னாளில் இங்கிலாந்து தேசிய அணியை நடத்திய பொபி றொப்சன்தான் அந்த இளைஞர். முதலாளிகள் புஷ்காஷிடம் வாங்க விரும்பியது அவருடைய பெயரைத்தான் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

3. மூன்று விளக்கங்கள்

இந்த வாழ்க்கையை விளங்கிக்கொள்ள மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

பழையது, மேதையான ஆட்டக்காரரால் கற்பிக்க முடியாது என்பது. தனக்கு இயல்பாக வருவதைப் பிறருக்குப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியாது என்கிறது இந்த வாதம். இந்தியாவிலிருந்து இதற்கு வலுவான துணைச்சான்று ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியரான சையத் அப்துல் ரஹீம் சர்வதேச ஆட்டக்காரர் அல்லர். ஆனால் 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் அவர் நடத்திய இந்திய அணி போட்டியை ஏற்றுநடத்திய அவுஸ்திரேலியாவையே 4–2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்த அந்த ஆட்டம் நடந்த இடம் மெல்பேணின் ஒலிம்பிக் பார்க். ரஹீம் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர், ஆட்டத்தைப் பாடமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். ஆனால் இந்த விதியை முழுமையாக ஏற்க முடியாது. யோஹான் குரைஃப், ஃபிரான்ஸ் பெக்கன்பவர், பிரேசிலின் மாரியோ சகாலோ என்று எதிர்ச்சான்றுகள் ஏராளம். ஆடத் தெரிந்தவருக்கும் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் நிலையான உறவும் இல்லை, நிலையான பகையும் இல்லை. ஆகவே இந்த வாதம் புஷ்காஷைப் பற்றி நமக்கு எதையும் விளக்குவதில்லை.

இரண்டாவது விளக்கம், அவர் வயிற்றுப்பாட்டுக்காக அலைந்தார் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் ஊதியத்துக்காகச் சென்றவர் நன்றாகக் கற்பித்திருக்க மாட்டார் என்று அதிலிருந்து முடிவுகட்ட இடமில்லை. ஏதென்ஸ் இதற்குச் சரியான மறுப்பு. 1970இல் பனதினாய்கோஸ் அணியைப் பொறுப்பேற்றார். மறு ஆண்டே அது ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டியது. காலிறுதியில் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணியை வெளியேற்றியது. அரையிறுதியில் பெல்கிரேட் ரெட் ஸ்டாரிடம் வெளியூரில் 4–1 எனத் தோற்று, ஏதென்ஸில் 3–0 என வென்று, வெளியூர்க் கோல் விதியால் முன்னேறியது. 1971 ஜூன் 2இல் வெம்ப்ளியில் அயக்ஸிடம் 2–0 எனத் தோற்றது. வேறெந்தக் கிரேக்கக் கழகமும் இன்றுவரை அந்த இறுதியாட்டத்தை எட்டியதில்லை. பெயரை விற்று வாழ்ந்தவரின் பணி இப்படி இருக்காது.

மூன்றாவது விளக்கம் புதியது, இனிமையானது. அதனாலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது. புஷ்காஷ் மெல்பேணில் ஒரு விதையை ஊன்றினார். அது போஸ்டகொக்லு என்ற மரமாக வளர்ந்து உலகெங்கும் நிழல் தந்தது என்பது அதன் சாரம். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் இந்த விளக்கத்தைப் பற்றியது.

4. மிடில் பார்க்

சவுத் மெல்பேண் ஹெல்லாஸ் 1959இல் சிறு கழகங்கள் இணைந்து உருவானது. மெல்பேணில் வேலைக்கு வந்த கிரேக்கர்கள் அதைத் தங்கள் ஊர்ச்சபையாக நடத்தினார்கள். அதன் தாய்மைதானம் மிடில் பார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்து குடும்பமாக மைதானத்துக்கு வருவார்கள். தொழிற்சாலையில் வாரம் முழுவதும் ஆங்கிலம் தெரியாமல் தலைகுனிந்து நின்ற ஒருவர் அங்கே சத்தமாகத் தன் மொழியில் பேசலாம். போஸ்டகொக்லுவின் தந்தை டிமிட்ரிஸ் அப்படிப்பட்டவர்களுள் ஒருவர். 1967இல் கிரேக்கத்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் தொழிலை இழந்து, 1970இல் ஐந்து வயது மகனோடு கப்பலேறியவர். மகனோடு அவர் அதிகம் பேசியது உதைபந்தாட்டத்தைப் பற்றித்தான் என்று மகன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்துக்கு 1989இல் புஷ்காஷ் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. ஆனால் ஏதென்ஸ் ஆண்டுகளில் கிரேக்கம் கற்றிருந்தார். அணியிலோ கிரேக்கர் அல்லாதவர்களும் இருந்தனர்: தேசிய அணித்தலைவராக உயர்ந்த போல் வேட், தாக்குதல் வீரர் போல் ட்ரிம்போலி, மெஹ்மட் டுராகொவிச் போன்றோர். ஆகவே பயிற்றுநர் கிரேக்கத்தில் சொல்ல, அணித்தலைவர் போஸ்டகொக்லு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். பயிற்சிக்குச் செல்லும் வழியில் தம் பழைய காரில் புஷ்காஷை ஏற்றிச்செல்வதும் அவருடைய வேலையாயிற்று. உலகின் மிகப் பெரிய இறுதியாட்டங்களை ஆடிய ஒருவரோடு இருபத்து நான்கு வயது இளைஞருக்குத் தினமும் கார்ப்பயணம் வாய்த்தது. எந்தப் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பிலும் இது கிடைக்காது.

பலன் ஏட்டில் உள்ளது. 1989–90 தேசிய லீக் கிண்ணம், விக்டோரியாவின் டொக்கர்ட்டி கிண்ணம் இருமுறை, எல்லாவற்றுக்கும் மேலாக 1990–91 தேசிய உதைபந்தாட்ட லீக் பட்டம். 1991 மே மாதம், ஒலிம்பிக் பார்க்கில் மெல்பேண் குரோஷியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் சவுத் மெல்பேண் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜோ பலட்சிடிஸ் அடித்த கோல் அதைச் சமப்படுத்தியது. பெனால்டி உதைகளில் சவுத் மெல்பேண் வென்றது. ரஹீமின் இந்திய அணி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வென்ற அதே மைதானம்.

அணியினர் நினைவுகூரும் ஆட்டமுறை ஒரே திசையைக் காட்டுகிறது. இரு ஓரங்களிலும் விங்கர்கள், முன்னே மூன்று பேர், பின்களத்தைப் பற்றி மிகக் குறைந்த கவலை. எதிரி எத்தனை கோல் அடித்தாலும் அதைவிட ஒன்று கூடுதலாக அடித்தால் போதும் என்ற மனப்பாங்கு. பயிற்சியில் கடுஞ்சொல் கிடையாது, தண்டனை ஓட்டங்கள் கிடையாது. அவுஸ்திரேலிய அணிகள் உடல்வலிமையையும் கட்டுக்காவலையும் நம்பிய காலத்தில் இது புதுமை. இதே நினைவுக்குறிப்புகளில் இன்னொன்றும் தெரிகிறது. புகழுரைகள் அதைக் கடந்துவிடுகின்றன. விரிவான தந்திரோபாயப் பாடம் எதையும் புஷ்காஷ் நடத்தியதாக யாரும் சொல்வதில்லை. அவர் தந்தது மனநிலையும் நம்பிக்கையும். செயல்முறை என்று எதையும் தந்ததாகத் தெரியவில்லை.

5. சான்றுகளை எடைபோடுதல்

புஷ்காஷின் தாக்கத்துக்கு முதன்மைச் சாட்சி போஸ்டகொக்லு. அவருடைய சுயசரிதை 2016இல் வெளிவந்தது; ஆசியக் கிண்ணத்தை வென்று ஓர் ஆண்டு கழிந்தபின். பேட்டிகளில் பெரும்பகுதி அதற்கும் பிந்தியவை. வெற்றிபெற்றவர் தம் தொடக்கத்தைத் திரும்பிப் பார்க்கும்போது அதற்கு ஒரு வடிவம் கொடுப்பது மனித இயல்பு. 1991இல் அவரிடம் கேட்டிருந்தால் இதே அழுத்தத்தோடு சொல்லியிருப்பாரா? வாய்மொழி வரலாற்றில் பழகியவர்கள் எழுப்பியே ஆகவேண்டிய ஐயம் இது.

காலக்கணக்கும் நம்மை நிதானிக்க வைக்கிறது. புஷ்காஷ் 1992இல் மெல்பேணை விட்டுச் சென்றார். முழங்கால் காயத்தால் 27 வயதில் ஆட்டத்தை விட்ட போஸ்டகொக்லு, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஃபிராங்க் அரோக்கின் கீழ் துணைப் பயிற்றுநராகப் பணிபுரிந்து, 1996இல் அதே கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். 1998, 1999 ஆண்டுகளில் தொடர்ந்து இரு பட்டங்கள் வென்றார். ஆனால் உலகம் இன்று அவருடையது என்று அடையாளம் காணும் ஆட்டமுறை முழு உருப்பெற்றது 2009க்குப் பின் பிரிஸ்பேன் ரோர் அணியில்தான். கோல்காவலரிலிருந்தே பந்தைத் தரையில் நகர்த்தி, பின்கள வீரர்களை நடுக்களத்துக்குள் ஏற்றி, எதிரணியை அதன் பாதியிலேயே அடைத்துவைக்கும் முறை அது. இடையில் பதினேழு ஆண்டுகள். அதே ஆண்டுகளில் பார்சலோனாவின் ஆட்டம் உலகெங்கும் பாடமாயிற்று. ஒல்லாந்தரான ஹான் பெர்கர் தொழில்நுட்பப் பணிப்பாளராக இருந்தபோது அவுஸ்திரேலியச் சம்மேளனம் வெளியிட்ட தேசியப் பாடத்திட்டமும் மூன்று முன்கள வீரர்கள் கொண்ட அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. ஆக, முன்களத்தில் மூவரை நிறுத்துவதை மட்டும் காட்டி 'இது புஷ்காஷ்' என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சோதனை மற்ற மாணவர்கள். ஆசானின் முறை அவ்வளவு வலியது என்றால் அந்த அணியிலிருந்து பலர் அதே வழியில் வளர்ந்திருக்க வேண்டும். டுராகொவிச் மெல்பேண் விக்டரியின் பயிற்றுநராக 2011இல் பொறுப்பேற்றார், அது நீடிக்கவில்லை. கிமோன் தாலியாடொரஸ் விளையாட்டு நிர்வாகத்துக்குச் சென்றார். உலகளவில் பயிற்றுநராக எழுந்தவர் ஒருவர்தான். ஒரே ஒரு மாணவரை வைத்து ஒரு பள்ளியை நிறுவ முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு. அதை நான் உறுதியாக நம்புகிறேன். போஸ்டகொக்லுவின் வாழ்க்கையில் மிகத் தனித்துவமாகத் தெரிவது தோற்கும்போதும் தம் முறையைக் கைவிட மறுக்கும் பிடிவாதம். 2014 உலகக் கிண்ணத்தில் சிலி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய மூன்றிடமும் தோற்ற, அவர் பயிற்றுவித்த அவுஸ்திரேலிய அணி தற்காப்புக்குள் ஒதுங்கவில்லை. எட்டு மாதத்துக்குள், 2015 ஜனவரி 31இல், சிட்னியில் தென்கொரியாவை மேலதிக நேரத்தில் 2–1 என வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. யொகஹாமா எஃப். மரினோஸ் அணி அவருடைய முதலாம் ஆண்டில் கீழிறக்கத்துக்கு அருகில் தத்தளித்தது. மறு ஆண்டு, 2019இல், லீக் பட்டம் வென்றது. அவர் நடத்திய டொட்டனம் 2024–25இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 17ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதே பருவத்தில் 2025 மே 21இல் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 1–0 என வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தைப் பெற்றது. பாடத்திட்டங்கள் ஆட்டமுறையைக் கற்பிக்கும். தோல்வியின் நடுவே அந்த முறையை விடாமல் நிற்கும் துணிவை, அப்படி நின்ற ஒருவரை அருகிருந்து பார்த்தே ஒருவர் பெறமுடியும். இறுதியாட்டத்தில் பின்தங்கி நின்ற வேளையிலும் தாக்குதலை நிறுத்தச் சொல்லாத ஒரு கிழவரை அந்த அணித்தலைவர் 1991இல் பார்த்திருந்தார். என் வாசிப்பில் தாக்கம் அங்கேதான் இருக்கிறது. குறுகியது, ஆனால் மெய்யானது.

பில்பாவோவில் ஹொன்வெட் ஆடியதையும், அதே நகரில் டொட்டனம் கிண்ணம் வென்றதையும், ஹாம்ப்டன் பார்க்கில் ஆசான் நான்கு கோல் அடித்ததையும், 2023இல் மாணவரின் ஸ்கொட்லாந்துச் செல்ற்றிக் அணி அந்தப் பருவத்தின் மூன்றாவது கிண்ணத்தை அங்கேயே பெற்றதையும் சிலர் இணைத்துப் பேசுவார்கள். கேட்க அழகாக இருக்கும். இவை தற்செயல்கள். சான்றுகளின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

6. கற்பித்தலைச் சாத்தியமாக்கிய இடம்

புஷ்காஷ் பயிற்றுநராக நிலைத்த பெயர் பெற்ற இரு இடங்கள் ஏதென்ஸும் மெல்பேணும். இரண்டிலும் கிரேக்கர்களே அவரைச் சுற்றி இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஏதென்ஸில் அவர் மொழியைக் கற்றுக்கொண்டு நான்கு ஆண்டு தங்கினார். மெல்பேணில் அந்த மொழி அவருக்குக் காத்திருந்தது. கழகத்தின் உணவுமேசையில், வீரர்களின் தந்தையரோடு, பேச ஆளிருந்தது. மற்ற ஊர்களில் அவர் விருந்தினர். அந்த ஊர்களைப் பற்றிய செய்திகள் மெல்லியவை என்பதால் இதை உறுதியான முடிவாக வைக்கவில்லை. ஒரு கருதுகோளாக வைக்கிறேன். பெரிய பெயரை அழைத்துவருவதால் மட்டும் அறிவு கைமாறுவதில்லை. அவரைத் தங்களுள் ஒருவராக ஏற்கும் சமூகம் வேண்டும், அவர் சொல்வதை மாற்றிச் சொல்லும் இளைஞர் வேண்டும், இருவரும் சேர்ந்திருக்க நேரம் வேண்டும்.

நம் பகுதியில் இதற்கு ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. குவேக்கர்ஸ் ஹில்லுக்கு அருகேயுள்ள பிளாக்டவுன் சிட்டி கழகத்தின் சட்டையை 1980இல் இங்கிலாந்தின் பொபி சார்ல்ட்டனும் 1985இல் கெவின் கீகனும் அணிந்தார்கள். இருவரும் விருந்தினராக ஓரிரு ஆட்டங்கள் ஆடிச் சென்றார்கள். கூட்டம் வந்தது, புகைப்படங்கள் எஞ்சின. அவர்களும் புஷ்காஷுக்கு நிகரான பெயர்கள்தாம். ஆனால் அவர்களிடம் யாரும் எதையும் பயின்றதாகக் கழக வரலாறு சொல்வதில்லை. மெல்பேணில் கிடைத்த மூன்று ஆண்டுகள் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளைத் தந்த அமைப்பை அவுஸ்திரேலிய உதைபந்தாட்டமே பின்னர் வெட்கத்தோடு பார்த்தது. இனப்பெயர் கொண்ட கழகங்களால்தான் விளையாட்டு பெரும்பான்மையினரிடம் சேரவில்லை என்ற கருத்து 1990களில் ஆட்சிசெய்தது. டேவிட் ஹில் தலைமையிலான நிர்வாகம் பெயர்களையும் சின்னங்களையும் கொடிகளையும் அகற்றச் சொன்னது. மெல்பேண் குரோஷியா அதற்கு முன்னரே மெல்பேண் நைட்ஸ் ஆகியிருந்தது. ஹெல்லாஸ் என்ற பெயர் விளம்பரங்களிலிருந்து மறைந்தது. மிடில் பார்க் மைதானம் ஆல்பர்ட் பார்க் கார்ப்பந்தயத்துக்கு வழிவிட்டு இடிக்கப்பட்டது. 2004இல் தேசிய லீக் மூடப்பட்டு, மறு ஆண்டு தொடங்கிய ஏ-லீக்கில் இந்தப் பழைய கழகங்களுக்கு இடம் தரப்படவில்லை. கழகங்கள் இன அடையாளம் காட்டக் கூடாதென்ற விதி 2014இல் மீண்டும் கடுமையாக எழுதப்பட்டு, 2019இல்தான் நீக்கப்பட்டது.

அந்த நிர்வாகிகளின் கவலை முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். மைதானங்களில் வன்முறை நடந்ததுண்டு. பழைய நாட்டுப் பகைகள் இங்கே கொண்டுவரப்பட்டதுண்டு. அடைபட்ட கழகத்தில் வெளியாருக்கு இடம் குறைவு என்ற குறையிலும் நியாயம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு பிழையானது. தேசிய அணியை இன்று நடத்தும் டோனி பொபொவிச், குரோஷியர்கள் நடத்திய சிட்னி யுனைட்டெட்டிலிருந்து வந்தவர். மேற்கு சிட்னியின் வொண்டரர்ஸ் அணியை 2014இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் பட்டத்துக்கு இட்டுச்சென்றவரும் அவரே. போஸ்டகொக்லு கிரேக்கர்களின் கழகத்திலிருந்து வந்தவர். இந்நாட்டின் ஆடவர் அணிக்கும் கழகத்துக்கும் ஆசியாவின் மிக உயர்ந்த கிண்ணங்களைப் பெற்றுத் தந்த இருவரும் குடியேறிகளின் கழகங்களில் வளர்ந்தவர்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய அவுஸ்திரேலிய சாம்பியன்ஷிப் தொடரில் சவுத் மெல்பேண், மார்க்கோனி போன்ற கழகங்கள் மீண்டும் தேசிய அரங்குக்கு வந்திருக்கின்றன. இருபது ஆண்டு தாமதம்.

7. தீர்ப்பும் ஒரு வேண்டுகோளும்

புஷ்காஷ் பெரிய பயிற்றுநர் என்று நிறுவ என்னால் முடியாது. அது என் நோக்கமும் அன்று. 1993இல் ஹங்கேரியின் தேசிய அணியை நான்கு ஆட்டங்களுக்கு நடத்திய பிறகு அவர் பயிற்றுநர் தொழிலை விட்டார். 2006 நவம்பர் 17இல், அல்சைமர் நோயோடு ஆண்டுக்கணக்கில் போராடியபின், புடாபெஸ்டில் காலமானார். மெல்பேணில் ஒலிம்பிக் பார்க் பகுதியில் அவருக்குச் சிலை வைத்தது 2017இல். அவர் தோற்றவரா என்ற கேள்விக்கு என் விடை: இல்லை. தோற்றது நாம் அவரை அளந்த கோல். மாணவர் தாமே 2025 செப்டெம்பரில் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் அணியைப் பொறுப்பேற்று, ஒரு வெற்றியும் இல்லாமல் 39 நாளில் நீக்கப்பட்டதை வைத்து அவர் பெற்ற பயிற்சியை அளப்போமா? அளந்தால் எட்டு ஆட்டங்களைக் கொண்டு முப்பது ஆண்டை அளந்தவர்களாவோம்.

ஆய்வாளர்கள் செய்யவேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. பின்னாளைய நினைவுகளை மட்டும் நம்பாமல், அந்த ஆண்டுகளில் மெல்பேணிலிருந்து வெளிவந்த நியோஸ் கொஸ்மொஸ் போன்ற கிரேக்கச் செய்தித்தாள்களையும் கழகத்தின் பழைய கோப்புகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அல் மஸ்ரி, கோலோ கோலோ, பரகுவேயின் செரோ போர்டேன்யோ ஆகிய கழகங்களில் அவரிடம் ஆடியவர்களுள் உயிரோடிருப்பவர்களின் சொல்லையும் கேட்க வேண்டும். மெல்பேணில் ஒருவர் புகழ்பெற்றதால்தான் அந்த மூன்று ஆண்டுகள் நமக்குத் தெரியவந்தன. போர்ட் சயீத்தில் அப்படி யாரும் எழவில்லை என்பதால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது.

வேண்டுகோள் நமக்கே. குவேக்கர்ஸ் ஹில்லிலும் பிளாக்டவுனிலும் வென்ட்வொர்த்வில்லிலும் வாழும் தமிழர்களிடையே, யாழ்ப்பாணத்து ஊர்க்கழகங்களில் ஆடியவர்கள், சென்னை லீக்கில் ஆடியவர்கள், தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவர்களின் பெயரில் கிண்ணம் இல்லை, எந்த ஏட்டிலும் வரி இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து, அவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, எங்கே ஆடினார்கள், யாரிடம் கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்பதை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து நூலகத்தில் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு கைபேசியும் ஒரு மாலைப் பொழுதும் போதும். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.